ஹோலஷோவிட்செ: சுண்ணாம்புப் பூச்சில் நிற்கும் ஊர்

செக் நாட்டின் தெற்கு பொஹீமியாவில், செஸ்கே புத்யேயோவிட்செ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் ஹோலஷோவிட்செ இருக்கிறது. இருநூறு பேர்கூட வசிக்காத ஊர். நடுவே 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில் ஒரு புல்வெளி. அதில் ஒரு குளம், ஒரு பழைய கொல்லுப்பட்டறை, 1755இல் கட்டிய நேப்போமுக் புனித யோவானின் சிற்றாலயம். அதைச் சுற்றி, முகப்பைப் புல்வெளிக்குக் காட்டியபடி பண்ணை வீடுகள். கூரையின் முக்கோணப் பக்கத்தை அப்படியே சுவராக எழுப்பி, அதில் சுருளும் வளைவும் பூவும் ஆண்டு எண்ணும் பூசி வைத்திருக்கிறார்கள். அந்த முகப்புகளும் குலையாத ஊர் அமைப்பும் சேர்ந்துதான் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஊருக்கு இடம் வாங்கித் தந்தன. 'நாட்டுப்புற பரோக்' என்று இந்தப் பாணிக்குப் பெயர். பரோக் என்பது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரக் கட்டடப் பாணி. ஆனால் இது பரோக் காலத்து வேலை அல்ல. அந்தக் காலம் முடிந்து வெகுநாள் கழித்து, பெரும்பாலும் 1840க்கும் 1880க்கும் இடையில், நகரத்துத் தேவாலயங்களையும் அரண்மனைகளையும் பார்த்துப் பழகிய கிராமத்துக் கொத்தனார்கள் கைப்போக்கில் செய்தது.

படத்தில் பார்ப்பவர்களுக்கு அந்த முகப்பு கல் வேலைபோலத் தோன்றும். உண்மையில் அது சுண்ணாம்பும் மணலும். பூச்சின் கனம் பல இடங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆண்டுக்கு ஆண்டு மழை, பனி, உறைபனி எல்லாம் அந்த மெல்லிய தோலின்மேல்தான் விழுகின்றன. அதை எப்படிப் பழுது பார்ப்பது, எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்கு பொஹீமியாவின் மற்ற ஊர்களில், ப்ளாஸ்தோவிட்செ போன்ற இடங்களில் உள்ள இதே வகை வீடுகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் வளாகத்தின் அமைப்பு. ஒவ்வொரு பண்ணையும் நீளமான, ஒடுங்கிய மனை. புல்வெளிப் பக்கம் இரண்டு முகப்புகள் தெரியும். ஒன்று குடியிருக்கும் வீடு, மற்றது தானியக் களஞ்சியம் அல்லது வயதான பெற்றோர் ஒதுங்கி வாழக் கட்டிய சிறு வீடு. இரண்டையும் ஒரு மதில் இணைக்கும். மதிலில் வண்டி போக வளைவு வாசல், பக்கத்தில் ஆள் போகச் சிறு கதவு. உள்ளே முற்றம், வீட்டை ஒட்டி மாட்டுத் தொழுவம், கடைசியில் மனையின் அகலம் முழுக்க அடைத்து நிற்கும் வைக்கோல் கொட்டகை. அதற்கும் பின்னால் தோட்டம், பிறகு வயல். இந்த வரிசை முக்கியம். தொழுவம் இருந்த சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும் விதமும் மற்றச் சுவர்களில் ஏறும் விதமும் ஒன்றல்ல. எந்தச் சுவர் எந்த வேலைக்கு இருந்தது என்று தெரியாமல் பூச்சு வேலையைத் தொடங்கக் கூடாது.

இந்த அமைப்பு இவ்வளவு குலையாமல் எப்படித் தப்பியது? ஊரைப் பற்றிய முதல் குறிப்பு 1263இல் வருகிறது. 1292இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இதை விஷ்ஷீ புரோட் என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மடத்தின் ஊராகவே இருந்தது. 1520க்கும் 1525க்கும் இடையில் வந்த கொள்ளைநோயில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். அதன் நினைவுத்தூண் இன்றும் ஊருக்கு வெளியே நிற்கிறது. மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அதனால் இது ஜெர்மன் பேசும் ஊராயிற்று. 1895இல் 157 ஜெர்மானியர், 19 செக்கர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள், பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. புதிதாக இடித்துக் கட்ட யாரும் இல்லாததால் பழையது அப்படியே நின்றது. ஓர் ஊரின் பெரும் துயரம்தான் அதன் சுவர்களைக் காப்பாற்றியது. முகப்புகளின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 1990க்குப் பிறகுதான் ஆட்கள் திரும்பிக் குடியேறி, பழுதுபார்ப்பு முறையாக நடந்தது.

இனி சுவர். பழைய சுவர் கல்லும் செங்கல்லும் கலந்தது, மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்துக் கட்டியது. அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் எந்தப் படலமும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவருக்குள் மெல்ல ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகும். ஏறுவதும் ஆவியாவதும் சமமாக இருக்கும்வரை சுவர் முழங்கால் உயரத்துக்குமேல் நனைவதில்லை. பழைய கொத்தனார் இந்தச் சமநிலையை நம்பித்தான் கட்டினார்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வட்டாரம் முழுவதும் நடந்த பெருந்தவறு, சுவரின் அடிப்பகுதி உதிர்கிறது என்று ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமெண்ட் பூசியதுதான். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் சிமெண்ட் முடியும் இடம்வரை ஏறி, அதற்கு மேலே வெளிவரும். முன்பு 50 சென்டிமீட்டரில் நின்ற கறை ஒன்றரை மீட்டருக்குப் போய்விடும். உள்ளே மண் சாந்து ஊறிக் கூழாகும். சிமெண்ட் மட்டும் கெட்டியாக நிற்பதால் வெளியே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் பொத்தென்று ஓசை கேட்கும் இடமெல்லாம் உள்ளே பிரிந்துவிட்ட இடம்.

ஆகவே முதல் வேலை சிமெண்டை எடுப்பது. கண்ணுக்குத் தெரியும் ஈரக் கோட்டுக்கு மேல் இன்னும் 80 சென்டிமீட்டர்வரை எடுக்க வேண்டும், ஏனென்றால் உப்பு கறையைத் தாண்டி நிற்கும். உளியையும் சுத்தியலையும் சாய்வாகப் பிடித்து எடுப்பது நல்லது. மின்சார இடிகருவி மென்மையான பழைய செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பிறகு கற்களுக்கு இடையிலுள்ள சாந்தை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, உலர்ந்த பிரஷால் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். விழுந்த சக்கையை அன்றன்றே வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். சுவரடியில் குவித்து வைத்தால் முதல் மழையில் அதன் உப்பு முழுவதும் திரும்பி வந்துவிடும்.

தொழுவச் சுவர்தான் தலைவலி. நூறு ஆண்டு மாட்டுச் சிறுநீர் ஊறிய செங்கல்லில் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும் வகை. கோடையில் மழையே இல்லாதபோதும் அந்தச் சுவர் நனைந்து கறுத்துக் காணப்படும். ஓதம் நிற்கவில்லையே என்று சுவரை அறுத்துத் தகடு சொருகுபவர்கள் உண்டு. நைட்ரேட்டுக்கு அது மருந்தில்லை. முதலில் உப்பு என்ன வகை என்று சோதனைத் தாளில் பார்த்துவிட வேண்டும். நைட்ரேட் என்றால், மலிவான மெல்லிய சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, உப்பு அதற்குள் ஏறிக்கொள்ளும்வரை ஓரிரு ஆண்டு விட்டு, அதை உரித்துத் தூக்கியெறிந்து, மறுபடி பூச வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் நிலைமை பெரிதும் மாறும். இது பொறுமை கேட்கும் வேலை. இந்தத் தியாகப் பூச்சுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் கடைசியில் மூன்று மடங்கு செலவழிக்கிறார்கள்.

அதோடு சுவரைச் சுற்றியுள்ள தரையையும் பார்க்க வேண்டும். ஆண்டாண்டாக மண்ணும் சரளையும் சேர்ந்து தரை மட்டம் உயர்ந்து, முன்பு வெளியே தெரிந்த அடிக்கல்லை மூடியிருக்கும். அதைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு கொடுத்தாலே பாதி ஓதம் குறையும். காங்கிரீட் நடைபாதையைச் சுவரோடு ஒட்டிப் போடவே கூடாது. உருண்டைக் கல்லை மணலில் பதிப்பதுதான் அங்குள்ள பழைய வழக்கம். மழைத்துளி பட்டுத் தெறிப்பதும் அதில் குறைவு.

சுவர் காய ஒரு கோடை முழுவதும் விடலாம். அந்த நேரத்தில் சுண்ணாம்பைத் தயார் செய்யலாம். உண்மையில் அதை முந்தைய ஆண்டே செய்திருக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கட்டி 1 கிலோவுக்கு இரண்டரை முதல் 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கட்டியின்மேல் தண்ணீரைத் தெளித்தால் கொதித்து வெடித்து முகத்தில் அடிக்கும். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அருகில் போகக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கொதி அடங்கும்வரை நீண்ட மண்வெட்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் சுண்ணாம்பு கருகும். கருகிய சுண்ணாம்பில் குழைவு வராது, மணல்போல் நொறுநொறுவென்று நிற்கும். அடங்கியதும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் சல்லடையில் வடித்துக் குழிக்குள் விட வேண்டும். வடிக்காமல் விட்டால், நீறாத குறுணிகள் பூச்சுக்குள் போய், மாதங்கள் கழித்து ஈரம் பட்டு நீறி உப்பி, சுவரில் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாகத் தெறிக்கும்.

குழி உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். அடிப்பூச்சுக்கு மூன்று மாதம், மேல்பூச்சுக்கும் முகப்பு வேலைக்கும் ஓராண்டாவது குழியில் கிடந்த சுண்ணாம்பு நல்லது. கரணையில் (கொத்தனார் கரண்டியில்) எடுத்தால் வெண்ணெய்போல ஒட்டி நிற்க வேண்டும். அவசரத்துக்குப் பையில் வரும் சுண்ணாம்புத் தூள்தான் என்றால், குறைந்தது ஓர் இரவு, முடிந்தால் இரண்டு வாரம் தண்ணீரில் ஊற வைத்துப் பயன்படுத்தலாம். தூளை அப்படியே மணலில் கலந்து பூசுவது வேண்டாம்.

சாந்துக் கலவை அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மணல் 0 முதல் 4 மில்லிமீட்டர்வரை எல்லா அளவும் கலந்து, முனை மழுங்காததாக இருக்க வேண்டும். மேல்பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு, மணல் 1 மில்லிமீட்டருக்குள். பங்கு கூட்டுவதைவிடக் கலக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் பலன் தரும். கெட்டியாகத் தோன்றும் சாந்து இருபது நிமிடம் அடித்துக் கலக்கினால் தானே இளகும். பொறுமை இல்லாமல் தண்ணீர் சேர்த்தவருக்குச் சுருக்க விரிசல் பரிசாகக் கிடைக்கும்.

பூசுவதற்கு முந்தைய நாளும் அன்று காலையும் சுவரை நனைக்க வேண்டும். முதலில் ஒரு மெல்லிய விசிறிப் பூச்சு. சாந்தைக் கரணையால் சுவரில் வீசி எறிந்து சொரசொரப்பாக விட வேண்டும். அது இறுகிய பின் அடிப்பூச்சு, ஒரு முறைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால் ஓட்டுத் துண்டும் சாந்துமாக அடைத்துவிட்டு மேலே வர வேண்டும். அடுத்த பூச்சுக்கு முன் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பத்து நாள் என்று கணக்கு வைத்தால் தவறாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வெயில் அடிக்கும் தெற்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். வேகமாகக் காய்ந்துபோன பூச்சு விரல் பட்டாலே மாவாக உதிரும். அதன்மேல் எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் நிற்காது.

இரும்பு மூலைப் பட்டையும், நீண்ட மட்டப் பலகையும் வேலையிடத்துக்கே வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய சுவர் மேடு பள்ளமானது. பூச்சைத் தேய்த்துச் சமன்செய்யும் மணியாஸ் கட்டை அந்த மேடு பள்ளத்தோடு ஓட வேண்டும். மட்டம் பிடித்துப் பூசிய சுவரில் மாலை வெயில் விழும்போது, பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் அது அட்டைப்பெட்டிபோலத் தெரியும்.

முகப்பின் அலங்காரத்தில் இரண்டு வகை வேலை. சுவரிலிருந்து துருத்தி நீளமாக ஓடும் வரம்புகளைத் தகர அச்சால் இழுப்பார்கள். வரம்பின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி, மரச் சட்டத்தில் அடித்து, சுவரில் பொருத்திய பலகையின்மேல் தள்ளிக்கொண்டே போவது. வரம்பு 4 சென்டிமீட்டருக்குமேல் நீட்டினால் உள்ளே ஓட்டுத் துண்டு வைத்து எழுப்ப வேண்டும். முழுவதும் சாந்தாகக் கட்டினால் தன் எடையிலேயே தொங்கி விடும். சுருள், பூ, சூரியன், ஆண்டு எண் எல்லாம் கைவேலை, சிறு கரண்டியால் ஈரத்திலேயே வடிப்பது. இரண்டு பக்கச் சுருளும் ஒன்றுபோல இருக்காது. அதைச் 'சரிசெய்ய' யாரும் முனையக் கூடாது. விழுந்த பகுதியை மறுபடி செய்யும்போது எதிர்ப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் படியெடுப்பது மிகப் பரவலான தவறு. பழைய புகைப்படம் இருந்தால் அதுதான் வழிகாட்டி. தெற்கு பொஹீமியாவிலேயே உள்ள பிரகாதிட்சே வட்டாரத்தில் யாகுப் புர்சா என்ற கொத்தனாரின் கைவேலையை முகப்பைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கைநடைதான் இங்கே மிச்சமிருக்கும் கையெழுத்து.

வெளி வேலையில் ஜிப்சம் சேர்க்கக் கூடாது. சீக்கிரம் இறுகுகிறது என்று உள்வேலைக்காரர்கள் சேர்ப்பதுண்டு. வெளியே மழையில் அது கரையும். சுவரில் எங்காவது பழைய சிமெண்ட் மிச்சமிருந்தால் இரண்டும் சேர்ந்து ஊதிப் பூச்சையே தள்ளிவிடும். முகப்பின் மேல் விளிம்பு, கூரை ஓடும் சுவரும் சேரும் இடம், இவைதான் தண்ணீர் நுழையும் வாசல். விளிம்பு ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, ஒவ்வொரு வசந்தத்திலும் ஏணி போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஓடு விலகினால் இரண்டு குளிர்காலத்தில் அதற்குக் கீழுள்ள சுருள் விழுந்துவிடும்.

வண்ணத்துக்கும் சுண்ணாம்புதான். குழிச் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, முதல் கை இன்னும் நீர்க்க, நான்கைந்து கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்து, குறுக்கும் நெடுக்குமாக. அடிக்கும்போது சுவர் தெரிய வேண்டும். அடித்தவுடனே வெள்ளையாக மூடிவிட்டால் கனம் அதிகம், அது செதிலாக உரியும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் மண், இரும்பு ஆக்சைடு போன்ற சுண்ணாம்பைத் தாங்கும் வகைகள் மட்டுமே. நீலத்துக்கு அல்ட்ராமரின் நிற்கும், பிரஷ்யன் நீலம் சில நாளிலேயே பழுப்பாகும். நிறப்பொடி, சுண்ணாம்பின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கைத் தாண்டினால் காய்ந்தபின் கையில் ஒட்டும். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்ததும் மிகவும் வெளிறும். அதனால் சுவரிலேயே அரை மீட்டர் கட்டம் அடித்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எந்த நிறம் என்பதையும் கடைப் பட்டியலில் தேட வேண்டாம். மழை படாத ஓர் இடுக்கில் கத்தியால் படிப்படியாகச் சுரண்டினால் பழைய அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அக்ரிலிக் பெயிண்ட் சிமெண்டைப்போலவே ஈரத்தை அடைத்துவிடும். இரண்டாம் குளிர்காலத்தில் கொப்புளம் கிளம்பி, அடியிலுள்ள சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஜன்னலைப் பற்றி ஒரு சொல். மரத்தால் ஆன இரட்டை ஜன்னல், வெளிக்கதவு சுவர் முகத்தோடு சமமாக இருக்கும். கண்ணாடி பொருந்தும் காடியில் முதலில் ஆளிவிதை எண்ணெய் தடவாமல் மக்கு (கண்ணாடியைப் பிடிக்கும் பசை) வைத்தால், மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மக்கு வெடிக்கும். மக்கின்மேல் ஆடை கட்ட ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் பெயிண்ட். பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட வீட்டில் காற்று நின்றுபோய், கனமான சுவரின் குளிர்ந்த மூலைகளில் கரும்பூசணம் வரும்.

அனுமதி. 1987ஆம் ஆண்டின் 20ஆம் எண் பாரம்பரியச் சட்டப்படி, காப்பு வளாகத்துக்குள், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஊர்ப்பகுதிக்குள், இருக்கும் வீட்டில் பெயிண்ட் நிறம் மாற்றுவதற்குக்கூட எழுத்து அனுமதி வேண்டும். அதைத் தருவது வட்டார நகராட்சி, இங்கே செஸ்கே புத்யேயோவிட்செ. தேசிய பாரம்பரிய நிறுவனம் அதற்குக் கருத்துரை எழுதும். விண்ணப்பத்துக்கு முன்பே அந்த நிறுவனத்தின் வல்லுநரை வீட்டுக்கு அழைத்துச் சுவரைக் காட்டிப் பேசிவிட்டால், பிறகு தாள் அலைச்சல் மிகவும் குறையும். கலாச்சார அமைச்சகத்தில் கிராமக் காப்பு வளாகங்களுக்கென்றே மானியத் திட்டம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அந்த ஆண்டுக்குள் செலவாக வேண்டும். கோடை முடியும்போது கைக்கு வந்தால், கணக்கு முடிக்கும் அவசரத்தில் அக்டோபரில் பூசத் தோன்றும். பூசக் கூடாது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே கடைசிப் பூச்சு முடிந்திருக்க வேண்டும், அதாவது செப்டம்பர் நடுவுக்குள். நேரம் தவறிவிட்டால் அந்த ஆண்டுப் பணத்தை ஜன்னலுக்கோ, வாசல் கதவுக்கோ, ஓட்டுக்கோ மாற்ற முன்கூட்டியே அனுமதி கேட்டு வைப்பது நல்லது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜூலையில் நடக்கும் உழவர் விழாவின்போது கூட்டத்தில் முகப்பே தெரியாது. வேலைநாள் காலையில் போங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வரம்பின் நிழலும் தெளிவாக விழும். முகப்பு முக்கோணத்திலுள்ள ஆண்டு எண்களைப் படித்துக்கொண்டே புல்வெளியை ஒரு சுற்று வாருங்கள். பிறகு சுவர்களின் அடியைப் பாருங்கள். எந்த வீட்டில் சுண்ணாம்பு, எந்த வீட்டில் சிமெண்ட் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், ஆகவே திறந்திருக்கும் வாசல் வழியாக முற்றத்துக்குள் நுழைய வேண்டாம்.

வீடு வைத்திருப்பவர்கள் பனி உருகியதும் மார்ச்சில் சுற்றி வந்து, உதிர்ந்த இடத்தைச் சுண்ணக்கோலால் குறித்து வைத்து, மே மாதம் அதே குழிச் சுண்ணாம்பால் கையளவு கையளவாகப் பூசிவிடலாம். வேலை முடிந்ததும் மிஞ்சிய சுண்ணாம்பின்மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, பலகையால் மூடி, பலகையின்மேல் மண் போட்டுவிடுங்கள். காற்று படாமல் இருந்தால் பத்து ஆண்டு கழித்து எடுத்தாலும் அது இன்னும் நல்லதாகத்தான் இருக்கும்.